ஏனையவை

பிரதேச செயலகத்தின் பின்கட்டில்
மின்விசிறி இல்லாத அறை எனக்கு.
மேசையில் மனிதவலுத் திட்டம், ஐந்தாண்டு,
மும்மொழியிலும். தமிழில் மட்டும்
பக்கம் நாற்பத்தொன்று இரண்டு தடவை.

அதில் எங்கள் பிரிவுக்கு எழுதியிருக்கிறது:
விருந்தோம்பல் துறை, தேவை நூற்று நாற்பது பேர்.
மல்லாவிச் சந்தியில் ஆள் தங்க
இருப்பது ஒரேயொரு விடுதி.
முதலாளிதான் சமையல், இரவில் அவரே காவல்.
கணக்குப் போட்டவரைக் குறை சொல்லமாட்டேன்.
அவருக்கும் ஒரு மேசை இருந்திருக்கும்,
தலைக்கு மேலே ஒரு கடைசித் திகதி.

நான் படித்தது விலங்கியல்.
கச்சேரி வாசலில் பட்டதாரிகளோடு
நாற்பத்தாறு நாள் குந்தியிருந்து வாங்கிய வேலை இது:
அபிவிருத்தி உத்தியோகத்தர்.
முதல் வருடம் கதிரை இல்லை.
அடுத்த வருடம் கதிரை வந்தது, வேலை வரவில்லை.
இப்போது இரண்டும் உண்டு.
வீடு வீடாகப் போய்
யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறேன்.

தெரிந்தவற்றுக்கு இலக்கம் இருக்கிறது.
தையல் பதினாலு. வெல்டிங் இருபத்திரண்டு.
பாலிநகரில் சிவகௌரி உறையைத் திறந்து
ஒன்றொன்றாய்ப் பாயில் அடுக்கினாள்:
தையல், காளான், பிறகும் தையல்,
சவர்க்காரம், கோழி, தலைமைத்துவம்,
இன்னுமொரு தையல்.
ஏழும் லமினேற் பண்ணியவை.
"மெஷின்ர ஊசி முறிஞ்சு போச்சு மிஸ்,
வவுனியாவுக்குப் போனால்தான் வாங்கலாம்."
படிவத்தில் ஊசிக்கு இடமில்லை.

கஜீபன், வயது பத்தொன்பது.
லான்ட்மாஸ்டர் எஞ்சினை இருட்டிலேயே கழற்றிப் பூட்டுவான்.
சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை,
ஆகவே மோட்டார் பாடநெறிக்கு எடுபடமாட்டான்.
விருந்தோம்பல் பொருந்தும் என்றது அட்டவணை.
"அதில என்ன மிஸ் செய்யிறது?"
"ஆக்கள் வந்தால் சிரிக்கவேணும்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

பிறகு தவரூபி.
"என்ன தொழில்?"
"மிதிவெடி எடுக்கிறது. பதினொரு வருஷம்."
பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தேடினேன்.
பிறகு கீழிருந்து மேலாக.
முகக்கவசத்துக்குள் வேர்வை கண்ணில் இறங்கும்போதும்
மண்ணிலிருந்து கையை எடுக்காமல் இருப்பதற்கு
இலக்கம் ஒதுக்கப்படவில்லை.
ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
கட்டிலைக் காட்டினாள்.
"இவ்வளவு நிலம். நல்ல நாளெண்டால்
இன்னும் ஒரு தலகாணி அகலம்."
வரும் சித்திரையோடு காணி முடிகிறதாம்,
எல்லாரையும் நிற்பாட்டப் போகிறார்களாம்.
தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்: ஏனையவை.

கார்த்திகை மழையோடு கொழும்பிலிருந்து கடிதம்.
தொண்ணூற்றொன்பதைக் கணினி ஏற்பதில்லை,
பொருத்தமான குறியீட்டைத் தெரிவுசெய்து
வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பிவைக்கவும்.
என்னிடம் அப்படி முப்பத்தைந்து பேர்,
இருபத்தாறு பெண்கள்.

முழங்காலில் நின்று வேலை.
மண்ணோடு. சின்னக் கருவிகள்.
அங்குலம் அங்குலமாக.
நாற்பத்தேழு போட்டேன்: தோட்டப் பராமரிப்பு.
முப்பத்தைந்து பேருக்கும் அதையே போட்டேன்.
வியாழனே அனுப்பியாயிற்று.
பணிப்பாளர் தொலைபேசியில் பாராட்டினார்.

தைப்பொங்கல் கழியத் திருத்திய திட்டம் வந்தது.
எமது பிரிவில் தோட்டக்காரர் மிகை.
நாற்றுமேடைப் பாடநெறி ரத்து,
அதற்கான ஒதுக்கீடு
விருந்தோம்பலுக்கு மாற்றப்படுகிறது.

நேற்று மாங்குளம் பஸ்ஸில்
தவரூபி நகர்ந்து இடம் தந்தாள்.
"அந்தப் படிவம் என்ன மாதிரி மிஸ்?"
"போயிட்டுது" என்றேன்.
கொஞ்ச நேரம் காடு போனது.
"நீங்கள் என்ன படிச்சனீங்கள்?"
"விலங்கியல்."
"அது எத்தினையாம் நம்பர்?"
பட்டியல் பைக்குள்தான் இருந்தது.
பஸ் குலுங்கியது, எடுக்கவில்லை.

இறங்குமிடத்தில்
படியில் ஒரு கணம் நின்று
காலை வைக்கப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான்
வைத்தாள்.
பின்னால் நின்றவர் "கெதியா இறங்கு பிள்ளை" என்றார்.